போட்டோ, வீடியோ எல்லாம் பத்திரமா இருக்கா? வீட்டுக்கு முதல் 'நாஸ்' வாங்குவோருக்கு ஒரு கைடு!

"அண்ணா, பாப்பாவோட காதுகுத்துல அப்பா பேசின வீடியோ உன்கிட்டதானே இருக்கு?"

அப்பாவின் முதல் வருஷ திதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தங்கை போன் பண்ணிக் கேட்டாள். "இருக்கு, ஹார்டு டிஸ்க்ல பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தேன். லேப்டாப்பில் சொருகினால் 'டிக்... டிக்...' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. சர்வீஸ் கடையில் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "ஹெட்டு போயிடுச்சு சார். எடுக்க முடியுமானு பார்க்கவே தனி சார்ஜ்" என்றார்கள். பார்த்தார்கள், எடுக்க முடியவில்லை.

கடைசியில் அந்த வீடியோ சித்தி பையனின் பழைய போனில் கிடைத்தது. எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. படம் மங்கல்தான். ஆனால், அப்பாவின் குரல் தெளிவாக இருந்தது. அந்த டிஸ்க்கில் இருந்த மற்ற எதுவும் திரும்ப வரவில்லை.

என்னைக் காப்பாற்றியது, வேறொரு வீட்டில் தற்செயலாக இருந்த இன்னொரு காப்பி. அதைத் தற்செயலுக்கு விடாமல் நாமே திட்டம் போட்டுச் செய்வதுதான் பேக்கப். அதற்கு வீட்டில் ஒரு மையமாக இருக்கக்கூடிய கருவிதான் 'நாஸ்'. முதன்முறையாக வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாஸ்னா என்ன?

'நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ்' என்பதன் சுருக்கம்தான் நாஸ். பார்க்க ஒரு சின்ன டோஸ்ட்டர் சைஸில் இருக்கும். உள்ளே ஒன்றோ, இரண்டோ, நான்கோ ஹார்டு டிஸ்க் செருகும் இடம் இருக்கும். இந்த இடத்தை 'பே' என்பார்கள். பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிள் உங்கள் வைஃபை ரவுட்டருக்குப் போகும். அவ்வளவுதான்.

சாதாரண எக்ஸ்டர்னல் டிஸ்க்கை ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் சொருக முடியும். நாஸ் அப்படியில்லை. அது தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வீட்டில் இருக்கும் எல்லா போனும், லேப்டாப்பும், டி.வி-யும் ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்தலாம். நீங்கள் ஆபீஸிலிருந்து வந்து வீட்டு வைஃபையில் இணைந்ததும், அன்றைக்கு எடுத்த போட்டோக்கள் தானாக அதில் ஏறிவிடும். நாம் ஞாபகம் வைத்துச் செய்கிற பேக்கப் மூன்றாவது மாதமே நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தானாக நடக்கிற பேக்கப்தான் நிலைக்கும்.

இன்னொரு சந்தேகம் பலருக்கு இருக்கிறது. வீட்டுக்குள் நாஸிலிருந்து படம் பார்க்க இன்டர்நெட் தேவையில்லை. ரவுட்டர் ஓடினால் போதும்.

உங்களுக்கு உண்மையிலேயே வேணுமா?

செலவு செய்வதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ம் தேதியிலிருந்து அளவில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி-தான் இலவசம். அதற்கு மேல் மாதமோ, வருஷமோ சந்தா கட்ட வேண்டும்.

வீட்டில் ஒருவர், இரண்டு பேர்தான், மொத்தமே 100, 200 ஜி.பி-தான் என்றால், கிளவுட் சந்தாவும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் போதும். நாஸ் தேவையில்லை. மாறாக, வீட்டில் நான்கைந்து போன்கள், இரண்டு லேப்டாப், பழைய கல்யாண வீடியோக்கள், சேர்த்து வைத்த படங்கள், பாட்டுகள் என்று டி.பி. கணக்கில் போகிறது என்றால் நாஸ் பற்றி யோசிக்கலாம். போட்டோ, வீடியோ எடுப்பதே தொழிலாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாஸ் என்பது மிக்ஸி மாதிரி வாங்கி வைத்து மறந்துவிடுகிற பொருள் இல்லை. மாதம் ஒருமுறையாவது கவனிக்க வேண்டும். "அதெல்லாம் நம்மால ஆகாதுப்பா" என்பவர்களுக்கு கிளவுட்டே மேல்.

எவ்வளவு இடம் வேணும்?

கடைக்காரர் சொல்கிற கணக்கு வேண்டாம். நீங்களே ஒரு பேப்பரில் போடுங்கள்.

இப்போது வீட்டில் எல்லோரிடமும் இருக்கும் போட்டோ, வீடியோ மொத்தம் எவ்வளவு? வருஷத்துக்கு எவ்வளவு சேர்கிறது? அதை ஐந்தால் பெருக்குங்கள். படம், பாட்டு தனி. உதாரணத்துக்கு, இப்போது இருப்பது 600 ஜி.பி., வருஷத்துக்கு 250 ஜி.பி. வீதம் ஐந்து வருஷத்துக்கு 1,250 ஜி.பி., படங்கள் 500 ஜி.பி. மொத்தம் 2,350 ஜி.பி. டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும் என்று வைத்தால், கிட்டத்தட்ட 3 டி.பி. ஆக, 4 டி.பி. டிஸ்க் சரியாக இருக்கும்.

'வருஷத்துக்கு 250 ஜி.பி-யா?' என்று நினைக்காதீர்கள். ஐபோனில் 4கே வீடியோவை 30 ஃபிரேம் வேகத்தில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி. ஆகும். பள்ளி ஆண்டு விழாவை ஒரு மணி நேரம் எடுத்தாலே 10 ஜி.பி. காலி.

வாங்கி வந்து மாட்டியதும், '4 டி.பி. போட்டேன், 3.6-தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க' என்று சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றன; கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. டிஸ்க் அதேதான், கணக்குதான் வேறு.

இரண்டு டிஸ்க்கா, நான்கா? கொஞ்சம் 'ரெய்டு' பேசுவோம்

இது வருமான வரித்துறை ரெய்டு இல்லை. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக வேலை செய்ய வைக்கிற முறைக்கு அந்தப் பெயர். வீட்டுக்குத் தெரிய வேண்டியது மூன்றுதான்.

ரெய்டு 0: இரண்டு 4 டி.பி. டிஸ்க் போட்டால் 8 டி.பி. கிடைக்கும். ஆனால், ஒரு டிஸ்க் போனால் இரண்டில் இருப்பதும் போச்சு. குடும்பப் போட்டோக்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ரெய்டு 1: இரண்டு 4 டி.பி. போட்டாலும் 4 டி.பி-தான் கிடைக்கும். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று பழுதானால் மற்றது வேலையைத் தொடரும். புது டிஸ்க் வாங்கிச் செருகினால் தானாக நிரப்பிக்கொள்ளும்.

ரெய்டு 5: குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். மூன்று 4 டி.பி. போட்டால் 8 டி.பி. கிடைக்கும். ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்.

முதல்முறை வாங்குபவர்களுக்கு இரண்டு பே உள்ள பெட்டியும் ரெய்டு 1-ம் போதும். ஒரு பே மாடல் விலை குறைவுதான். ஆனால், டிஸ்க் பழுதானால் அன்றைக்கே எல்லாம் நின்றுபோகும். வீடியோ தொழில் செய்கிறவர்கள், ஐந்து வருஷத்துக்குள் 10 டி.பி-யைத் தாண்டும் என்று தெரிந்தவர்கள் நான்கு பே வாங்கலாம். எல்லா பேயையும் முதல் நாளே நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டில் ஆரம்பித்து, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ரெய்டு இருந்தா பேக்கப் ஆச்சா? இல்லவே இல்லை!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும்தான். குழந்தை விளையாட்டாக ஒரு ஃபோல்டரை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ரேன்சம்வேர் வைரஸ் வந்தால் இரண்டையும் பூட்டும். இடி விழுந்து பெட்டி கருகினாலோ, திருடன் தூக்கிக்கொண்டு போனாலோ, வெள்ளம் வந்தாலோ இரண்டும் சேர்ந்துதான் போகும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வந்த வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டோம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் அதே கதிதான்.

அதனால்தான் '3-2-1' என்ற விதியைச் சொல்வார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய விதி இது. எந்த முக்கியமான ஃபைலுக்கும் 3 காப்பி இருக்க வேண்டும். அவை 2 வேறு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் 1 வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

கேட்க பயமாக இருந்தாலும் செய்வது சுலபம். போனிலோ, லேப்டாப்பிலோ ஒன்று, நாஸில் ஒன்று, மூன்றாவது வேறு ஊரில். இந்த மூன்றாவதுக்கு நம் ஊர் வழக்கமே கை கொடுக்கும். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் நாஸிலிருந்து காப்பி எடுத்து, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அம்மா வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது புதிதாக காப்பி எடுத்த இரண்டாவதைக் கொடுத்துவிட்டு, பழையதை எடுத்துவந்து புதுப்பியுங்கள். டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு பூட்டுப் போட்டுவிட்டால் வழியில் தொலைந்தாலும் யாரும் திறக்க முடியாது.

'அவ்வளவுக்கும் மூன்று காப்பியா, எவ்வளவு செலவாகும்!' என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் தேவையில்லை. திரும்பக் கிடைக்காதது எது என்று பிரியுங்கள். குழந்தையின் முதல் நடை, தாத்தாவின் குரல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், சர்டிஃபிகேட்டுகள் போன்றவற்றுக்கு மூன்று காப்பி. சினிமாவும் பாட்டும் போனால் மறுபடி தேடிக்கொள்ளலாம். அவற்றுக்கு நாஸில் இருக்கும் ஒன்றே போதும். இப்படிப் பிரித்தால் முதல் வகை பெரும்பாலும் ஒரு டி.பி. பக்கத்தில்தான் வரும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. 'சிங்க்' வேறு, 'பேக்கப்' வேறு. சிங்க் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பது. போனில் அழித்தால் நாஸிலும் அழியும். பேக்கப் என்றால் போனில் அழித்தாலும் நாஸில் இருக்கும். செட்டிங் செய்யும்போது இதைக் கவனித்துத் தேர்வு செய்யுங்கள். 'ஸ்னாப்ஷாட்' வசதி உள்ள மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. நேற்று, போன வாரம் என்று பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும். விலை குறைந்த சில மாடல்களில் இது இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க் வாங்கும்போது உஷார்!

பெரும்பாலான நாஸ் பெட்டிகள் டிஸ்க் இல்லாமல்தான் வரும். 'பெட்டி இவ்வளவு மலிவா!' என்று சந்தோஷப்பட்டு, பிறகு டிஸ்க் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் அதிகம். பட்ஜெட் போடும்போது பெட்டி, இரண்டு உள் டிஸ்க், வெளியே வைக்கும் டிஸ்க்குகள், யு.பி.எஸ். எல்லாவற்றையும் சேர்த்தே போடுங்கள்.

24 மணி நேரமும் ஓடுவதற்காகத் தயாரிக்கப்பட்ட நாஸ் டிஸ்க்குகள் தனியாகவே இருக்கின்றன. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட் பிளஸ்', சீகேட்டின் 'அயர்ன்வுல்ஃப்', தோஷிபாவின் 'என்300' ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. ரெட் பிளஸ், அயர்ன்வுல்ஃப் இரண்டுக்கும் 3 வருஷ வாரன்டி. அவற்றின் 'புரோ' வகைகளுக்கு 5 வருஷம்.

கடையில் "சி.சி.டி.வி. டிஸ்க் இருக்கு சார், இதுவும் 24 மணி நேரம் ஓடும்" என்பார்கள். அது கேமரா பதிவுக்காக வடிவமைக்கப்பட்டது. விலை வித்தியாசம் பெரிதாக இல்லாதபோது நாஸ் டிஸ்க்கையே வாங்குங்கள்.

அடுத்து, 'சி.எம்.ஆர்', 'எஸ்.எம்.ஆர்' என்ற இரண்டு எழுத்துச் சுருக்கங்கள். எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் வீட்டுக் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அதனால் ஏற்கெனவே எழுதியதை மாற்றி எழுத அதிக நேரம் பிடிக்கும். ரெய்டில் பழுதான டிஸ்க்கை மாற்றி நிரப்பும் நேரத்தில் இது பெரிய தலைவலி. 2020-ல், வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். வகை என்பது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதன் பிறகுதான் சி.எம்.ஆர். வகைக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப்பெயர் வைத்தார்கள். நமக்கு வேண்டியது சி.எம்.ஆர். மாடல் நம்பரை கம்பெனி வெப்சைட்டில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும் பில் முக்கியம். டிஸ்க்கின் சீரியல் நம்பரை கம்பெனி வெப்சைட்டில் போட்டு வாரன்டி தேதி சரிதானா என்று பாருங்கள். நாஸில் மாட்டியதும் 'ஸ்மார்ட்' தகவலில், அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புது டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால், அது புதிதே இல்லை. உடனே திருப்பிக் கொடுங்கள்.

டி.வி-யில் படம் பார்க்கணுமே!

பேக்கப்புக்கு மட்டும் என்றால் விலை குறைந்த சிப்பே போதும். படம் பார்ப்பதற்கும் வேண்டும் என்றால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் டி.வி-க்கு அந்த வீடியோ வகை தெரிந்திருந்தால், நாஸ் ஃபைலை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். எந்தச் சிரமமும் இல்லை. தெரியாவிட்டால், நாஸ் அதை ஓட ஓட வேறு வகையாக மாற்றிக் கொடுக்க வேண்டும். இதற்கு 'டிரான்ஸ்கோடிங்' என்று பெயர். 4கே படத்தை இப்படி மாற்றுவது சின்ன சிப்புகளால் முடியாது. படம் நின்று நின்று ஓடும். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள இன்டெல் சிப் இருந்தால் இந்த வேலை சுலபமாக நடக்கும். ஏ.எம்.டி. சிப் உள்ள சில நாஸ் மாடல்களில் கிராபிக்ஸ் பகுதியே இருக்காது. விலை அதிகம் என்பதற்காக அது படம் ஓட்டவும் சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. பழைய டி.வி-க்கு, புது வீடியோ வகைகளை ஓட்டத் தெரிந்த ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் சொருகிவிடுங்கள். மாற்றும் வேலையே இருக்காது. சின்ன நாஸ் போதும். படங்களை போஸ்டரோடு அழகாக அடுக்கிக் காட்ட 'ஜெல்லிஃபின்' இலவசம்; 'பிளெக்ஸ்' கொஞ்சம் சுலபம், ஆனால் சில வசதிகளுக்குக் காசு.

ரவுட்டரையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்க

நாஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடுவில் இருக்கும் ரவுட்டர் மெதுவாக இருந்தால் பயனில்லை. ரவுட்டரின் லேன் போர்ட் கிகாபிட்டா, 100 எம்.பி.பி.எஸ்-ஸா என்று பாருங்கள். கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்.பி. வரை போகும், 1 டி.பி. காப்பி ஆக சுமார் இரண்டரை மணி நேரம். 100-ல் நொடிக்கு 12 எம்.பி-தான், அதே 1 டி.பி-க்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். சில மோடம்களில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாக இருக்கும். நாஸை அதில் சொருகுங்கள். கேபிள் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' ஆக இருக்கட்டும்.

முதல்முறை எல்லாவற்றையும் ஏற்றும்போது லேப்டாப்பையும் கேபிளில் இணையுங்கள். வைஃபையில் ஏற்றினால் பொறுமை போய்விடும். பிறகு தினசரி வேலைக்கு வைஃபை போதும்.

எந்த கம்பெனி?

சைனாலஜி, க்யூநாப், அசுஸ்டார் மூன்றும் தைவான் கம்பெனிகள். டெர்ராமாஸ்டர், யுகிரீன் இரண்டும் சீனாவைச் சேர்ந்தவை. பொதுவாக, சைனாலஜியின் பலம் அதன் சாஃப்ட்வேர். புதியவர்களுக்கும் குழப்பம் குறைவு. மற்றவை அதே விலைக்கு வேகமான சிப், கூடுதல் மெமரி தரும். செட்டிங்கில் கொஞ்சம் கை நனைக்க வேண்டியிருக்கும்.

சைனாலஜி 2025-ல் வெளியிட்ட சில மாடல்களில், தான் அங்கீகரித்த டிஸ்க்குகளை மட்டுமே போட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தது. பயனாளர்கள் கொதித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் புது சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் அதைத் தளர்த்தியது. எந்த கம்பெனியாக இருந்தாலும், நீங்கள் வாங்கப் போகும் டிஸ்க் அந்த மாடலின் பொருத்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் 'ட்ரூநாஸ்', 'ஓப்பன் மீடியா வால்ட்' போன்ற இலவச சாஃப்ட்வேர்களைப் போட்டும் நாஸ் ஆக்கலாம். கம்ப்யூட்டரில் ஆர்வம் இருந்தால் செய்து பாருங்கள். பழுதானால் நீங்களே மெக்கானிக் என்பதும், பழைய டெஸ்க்டாப் கரன்ட்டை அதிகம் இழுக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கரன்ட், சூடு, தூசி

இரண்டு பே நாஸ் ஓடும்போது சுமார் 15 முதல் 20 வாட் எடுக்கும். 20 வாட் என்றே வைத்தாலும் மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் 29 யூனிட். பெரிய சுமை இல்லை.

பெரிய எதிரி, திடீரென்று போகும் கரன்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், பேட்டரி தீரப்போவது நாஸுக்குத் தெரியாது. 600 வி.ஏ. அளவில் ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி, நாஸையும் ரவுட்டரையும் அதில் இணையுங்கள். யு.எஸ்.பி. போர்ட் உள்ள யு.பி.எஸ்-ஸாக, உங்கள் நாஸுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்கினால், பேட்டரி குறையும்போது நாஸ் தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

வைக்கும் இடம்? பரண், மூடிய டி.வி. கேபினெட், செருப்பு ஸ்டாண்டு எதுவும் வேண்டாம். காற்றோட்டமான, தரையிலிருந்து உயரமான ஷெல்ஃப் நல்லது. தரைத்தள வீடு என்றால் இன்னும் உயரமாக வையுங்கள். டிஸ்க்கின் சூடு 40 டிகிரியை ஒட்டி இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். படுக்கையறையிலும் வேண்டாம். ராத்திரி அமைதியில் டிஸ்க் 'கர்ர்'ரென்று ஓடுவது தூக்கத்தைக் கெடுக்கும்.

வெளியே கதவைத் திறந்து வைக்காதீங்க

'ஆபீஸ்ல இருந்தும் பார்க்கலாமே' என்று நாஸை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' என்ற பழைய கருவிகளுக்குள் யாரோ இன்டர்நெட் வழியாகப் புகுந்து, பலருடைய டிஸ்க்கை ஒரே ராத்திரியில் துடைத்துவிட்டார்கள். அந்தக் கருவிக்கு அப்டேட் வருவது 2015-லேயே நின்றுபோயிருந்தது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற ரேன்சம்வேர், இன்டர்நெட்டில் திறந்திருந்த க்யூநாப் கருவிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. நாஸ் வாங்கி நாசமாகப் போன கதை இப்படித்தான் நடக்கிறது.

செய்ய வேண்டியவை நான்கு. ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங், 'யு.பி.என்.பி' இரண்டையும் நாஸுக்காகத் திறக்காதீர்கள். 'அட்மின்' என்ற கணக்கை முடக்கிவிட்டு வேறு பெயரில் கணக்கு வைத்து, இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வெளியூரிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் 'டெயில்ஸ்கேல்' போன்ற வி.பி.என். வழியாகப் போங்கள். வீட்டுக்கெனத் தனி ஐ.பி. முகவரி தராத பிராட்பேண்டிலும் அது வேலை செய்யும்.

வாங்கியாச்சு... முதல் வாரம் என்ன செய்யணும்?

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி கணக்கு கொடுங்கள். குழந்தைகளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி, அழிக்க வேண்டாம். டிஸ்க்கில் கோளாறு வந்தால் உங்கள் போனுக்கோ, மெயிலுக்கோ தகவல் வரும்படி செட் செய்யுங்கள். ரெய்டில் ஒரு டிஸ்க் செத்து ஆறு மாதம் ஆகியும் தெரியாமல் இருந்து, இரண்டாவதும் போன பிறகு அலறுவதில் பயனில்லை.

பழைய போன், பழைய டிஸ்க், டி.வி.டி. எதையும் நாஸில் ஏற்றியவுடன் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஒரு பரீட்சை வையுங்கள். நாஸிலிருந்து ஒரு போட்டோவையும் ஒரு வீடியோவையும், ஊருக்குக் கொண்டுபோகும் டிஸ்க்கிலிருந்து ஒன்றையும் எடுத்து, வேறொரு லேப்டாப்பில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். என் பீரோவில் இருந்த டிஸ்க்கை நான் மூன்று வருஷம் திறந்தே பார்க்கவில்லை. 'பத்திரமா இருக்கு' என்று நம்பிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரீட்சையைத் திரும்ப வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நாஸைப் பற்றி வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. அந்த ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மொத்தப் போட்டோவும் பூட்டிய பெட்டிக்குள்தான் கிடக்கும். கணக்கின் பெயர், பாஸ்வேர்டு, மூன்றாவது காப்பி எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதி, இன்ஷூரன்ஸ் பாலிசி வைத்திருக்கும் ஃபைலில் வையுங்கள். உங்கள் மனைவியோ, கணவரோ, பிள்ளையோ அதைப் பார்த்து ஒருமுறை தாங்களாகவே திறந்து பழகட்டும்.

இப்போது என் வீட்டில் நாஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு காப்பி அதில், ஒரு காப்பி லேப்டாப்பில், இன்னொன்று ஊரில் தங்கை வீட்டு அலமாரியில். அந்த மங்கலான 2 நிமிட வீடியோவும் அதில் இருக்கிறது. பாஸ்வேர்டு எழுதிய பேப்பரும் தங்கையிடம் ஒன்று கொடுத்திருக்கிறேன். "அண்ணா, நான் திறந்து பார்த்துட்டேன், ஓடுது" என்று போன வாரம்தான் சொன்னாள்.

நாஸ் வாங்க இன்னும் பணம் சேரவில்லையா? பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, திரும்பக் கிடைக்காத பத்து வீடியோக்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு, அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். பெட்டியைப் பிறகு நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்.